மரக்கிளையில் தொங்கிய சோற்றுப் பொட்டலம்: சட்டத்தை மீறுவது எப்போது சரியாகும்?

1930 ஏப்ரல் 13, சித்திரை முதல் நாள். திருச்சியிலிருந்து ஏறக்குறைய நூறு பேர் நடக்கத் தொடங்கினார்கள். தலைமை ராஜாஜி. போய்ச் சேர வேண்டிய இடம் வேதாரண்யம். சுமார் 240 கிலோமீட்டர், பதினைந்து நாள் நடை. அங்கே கடலோரத்தில் உப்பு அள்ளுவார்கள். அள்ளினால் குற்றம். அது தெரிந்துதான் போகிறார்கள்.

அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்தவர் தார்ன் என்ற வெள்ளைக்காரர். அவர் வழியிலிருந்த ஊர்களை எச்சரித்தார். இந்தக் கூட்டத்துக்குச் சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு. இந்த எச்சரிக்கை ஊர் ஊராகப் பரப்பப்பட்டது.

ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பாதையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். காவிரிக் கரையில் தொண்டர்கள் இளைப்பாறும் இடங்களில் உணவை மணலுக்குள் புதைத்து, இடம் தெரிய அடையாளம் வைத்துவிட்டுப் போனார்கள். கொடுத்தவர் யார் என்று எந்தப் பொட்டலத்திலும் எழுதியிருக்கவில்லை.

நடந்து களைத்து வருகிறவனுக்குச் சோறு போடுவது குற்றமா? அரசாங்கம் அப்படித்தான் சொன்னது. அதைக் கட்டிக் கொண்டுவந்த பெண்ணிடம் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது நமக்குத் தெரியும். அரசாங்கம் சொன்னதற்கும் அந்தப் பெண் சொல்லியிருக்கக்கூடியதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. தத்துவ வகுப்பில் இதற்கு நீளமான பெயர்கள் உண்டு. நமக்குச் 'சட்ட மறுப்பு' என்ற சொல் போதும்.

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்வோம். 'சட்டப்படி சரி' என்பது வேறு, 'நியாயப்படி சரி' என்பது வேறு. பெரும்பாலான நேரம் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். கொலை செய்யாதே, திருடாதே, கலப்படம் செய்யாதே. இவற்றைச் சட்டமும் சொல்கிறது, மனசாட்சியும் சொல்கிறது. சில இடங்களில் சட்டத்துக்கு மட்டும் வேலை. சாலையில் இடப்பக்கம் போக வேண்டும் என்பதில் தனியாக ஒரு தர்மமும் இல்லை, எல்லாரும் ஒரே பக்கம் போனால் யாரும் சாக மாட்டார்கள், அவ்வளவுதான். சில இடங்களில் மனசாட்சிக்கு மட்டும் வேலை; வாக்குக் கொடுத்துவிட்டு நண்பனைக் கைவிட்டால் போலீஸ் வராது. சிக்கல் வருவது இரண்டும் எதிரெதிராக நிற்கும்போது. சட்டம் 'செய்' என்கிறது, மனசாட்சி 'செய்யாதே' என்கிறது. அல்லது இது தலைகீழாக.

தமிழில் நல்லாட்சிக்குச் செங்கோல் என்றும் கெட்ட ஆட்சிக்குக் கொடுங்கோல் என்றும் சொல்கிறோம். கொடுமை என்ற சொல்லுக்கு வளைவு என்றும் ஒரு பழைய பொருள் உண்டு. நேரான கோல், வளைந்த கோல். கையிலிருப்பது இரண்டு முறையும் கோல்தான். சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது என்பதாலேயே அது நிமிர்ந்துவிடாது என்பதை நம் மொழி எப்போதோ கண்டுகொண்டிருக்கிறது.

இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது பாதி உண்மை. சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற கட்சிக்கும் பலமான வாதம் இருக்கிறது. அதை நேராகச் சந்திக்காமல் மீறலைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

அந்தக் கட்சிக்காக வாதாடியவர்களில் மிகப் பெரியவர் சாக்ரடீஸ். கி.மு. 399-இல் ஏதென்ஸ் நகரம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. தெய்வங்களை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுத்தார் என்பது குற்றச்சாட்டு. தண்டனைக்கு முன் அவருடைய பழைய நண்பர் கிரிட்டோ சிறைக்கு வந்தார். காவலாளிகளைச் சரிக்கட்டியாகிவிட்டது, பணம் இருக்கிறது, வெளியூரில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், கிளம்பு என்றார். சாக்ரடீஸ் கிளம்பவில்லை. ஏதென்ஸின் சட்டங்களே எழுந்து வந்து தன்னிடம் பேசினால் என்ன கேட்கும் என்று அவர் கற்பனை செய்தார். உன் பெற்றோரின் திருமணம் எங்கள் பாதுகாப்பில் நடந்தது. உன்னை வளர்த்ததும் படிக்க வைத்ததும் எங்கள் ஏற்பாடு. எங்களைப் பிடிக்காவிட்டால் உன் பொருளை எடுத்துக்கொண்டு எந்த ஊருக்கும் போயிருக்கலாம், எழுபது வருஷம் நீ போகவில்லை. நாங்கள் சொல்வது தவறு என்றால் எங்களிடம் பேசிப் புரியவைத்திருக்கலாம். இத்தனை நாள் எங்கள் நிழலில் இருந்துவிட்டு, தீர்ப்பு உனக்கு எதிராக வந்ததும் ஓடுகிறாயே, ஒவ்வொருவரும் இப்படிச் செய்தால் நகரம் நிற்குமா?

இந்த வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. நாம் தினமும் சட்டத்தின் மேல் படுத்துத்தான் தூங்குகிறோம். பத்திரப்பதிவு அலுவலகத்தில் நம் பெயரில் இருக்கும் வீடு நாளைக்கும் நம் பெயரில் இருக்கும் என்ற நம்பிக்கை, சம்பளம் தராத முதலாளியை எங்காவது போய்க் கேட்கலாம் என்ற நம்பிக்கை, எல்லாம் மற்றவர்கள் தங்களுக்குப் பிடிக்காத சட்டத்தையும் மதிப்பதால் கிடைப்பவை. சட்டம் பலவீனமானால் முதலில் அடிபடுபவர்கள் பலவீனர்கள். வசதியுள்ளவன் வாசலில் ஆள் வைத்துக்கொள்வான்.

ஆனால் இதே சாக்ரடீஸின் வாழ்க்கையில் இன்னொரு நாளும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் முப்பது பேர் கொண்ட ஒரு கொடுங்கோல் குழு ஏதென்ஸைப் பிடித்து வைத்திருந்தது. அது சாக்ரடீஸையும் வேறு நான்கு பேரையும் கூப்பிட்டு, சலாமிஸ் தீவைச் சேர்ந்த லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்து வரச் சொன்னது. நான்கு பேர் போனார்கள். சாக்ரடீஸ் நேராக வீட்டுக்குப் போய்விட்டார். ஆட்சி கவிழ்ந்திருக்காவிட்டால் அதற்காகவே தன் உயிர் போயிருக்கலாம் என்று பிறகு நீதிமன்றத்தில் அவரே சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தனக்கு இழைக்கப்படும் அநீதியை அவர் தாங்கிக்கொண்டார். இன்னொருவருக்கு அநீதி செய்யும் கையாக இருக்க மட்டும் மறுத்தார். கீழ்ப்படிதலின் பெரிய வக்கீலுக்கே தாண்ட முடியாத ஒரு கோடு இருந்திருக்கிறது.

சரி, எந்தச் சட்டம் அநியாயமானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குப் பிடிக்கவில்லை, எனக்கு நஷ்டம் என்பது போதாது. உப்புச் சட்டத்தையே எடுத்துப் பார்ப்போம்.

கோடையில் வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளிப் பக்கம் உப்பளத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பாத்தியில் நிற்கும் கடல்நீர் வெயிலில் சுண்டச் சுண்ட, ஓரத்தில் முதலில் பாலாடை மாதிரி ஒரு வெள்ளை ஏடு படியும். விரலால் தொட்டால் நறநறக்கும். அந்தக் கரையில் ஆள் கை வைக்காமலே தண்ணீர் தேங்கிய பள்ளங்களில் உப்பு பூத்துக் கிடக்கும். அதை ஒரு பிடி அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோனால் குற்றம். 1882-ஆம் ஆண்டு உப்புச் சட்டம், உப்பெடுக்கும் உரிமையை அரசாங்கத்திடம் வைத்து, அதன் மேல் வரியும் போட்டது. வைஸ்ராய் மாளிகைக்கும் கூலிக்காரன் குடிசைக்கும் ஒரே வரி. வெயிலில் வியர்வை சிந்தி உழைக்கிறவனுக்குத்தான் உப்பு அதிகம் வேண்டும், ஆகவே அவன் சம்பாத்தியத்தில் பெரிய பங்கு அவனிடமிருந்துதான் போகும். 1930 மார்ச் 2 அன்று வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் காந்தி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். உங்கள் சம்பளம் நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கும் மேல், இந்தியனின் சராசரி வருமானம் நாளொன்றுக்கு இரண்டணாவுக்கும் கீழ்.

வரி பாரம் என்பது ஒரு பக்கம். அதைவிட ஆழமான இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சட்டத்தை இயற்றியதில் வேதாரண்யத்துக்காரருக்குப் பங்கே கிடையாது. கேட்கவில்லை, கேட்கவும் வழியில்லை. சாக்ரடீஸிடம் ஏதென்ஸின் சட்டங்கள் கேட்ட கேள்வி இங்கே பொருந்தாது. 'பேசிப் புரியவைத்திருக்கலாமே' என்றால் யாரிடம் பேசுவது? 'பிடிக்காவிட்டால் வேறு ஊருக்குப் போயிருக்கலாமே' என்றால் எந்த ஊருக்கு?

முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகரச் சிறையிலிருந்து, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்தில் இதே கேள்விக்குத் தெளிவான பதில் இருக்கிறது. பெரும்பான்மையினர் தங்களைக் கட்டுப்படுத்தாத ஒரு விதியைச் சிறுபான்மையினர் தலையில் மட்டும் கட்டினால் அது அநியாயச் சட்டம். வாக்களிக்க விடாமல் தடுக்கப்பட்டவர்கள் மேல் சுமத்தப்படும் சட்டமும் அப்படித்தான். மூன்றாவதாக அவர் சொன்னது நுட்பமானது. பார்க்க நியாயமாக இருக்கும் சட்டம் கையாளப்படும் விதத்தில் அநியாயமாகலாம். ஊர்வலத்துக்கு அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியில் தப்பில்லை. ஆனால் கறுப்பின மக்கள் அமைதியாகக் கூடுவதைத் தடுக்கவே அந்த விதி பயன்பட்டால்? நம் ஊரில் கூட்டம் நடத்த அனுமதி கேட்டு அலைந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

சட்டம் அநியாயமானது என்றே வைத்துக்கொள்வோம். அதை எப்படியும் மீறலாமா? மீறும் விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குத் தார்ப்பாய் போட்டு மூடிய லாரியில் ஆற்று மணல் போகிறது. அதுவும் சட்ட மீறல். வேதாரண்யத்தில் நடந்ததும் சட்ட மீறல். ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க யாருக்கும் மனசு வராது. ஏன்?

மணல் லாரிக்காரனுக்கு இருட்டு வேண்டும். சத்தியாகிரகிக்கு வெளிச்சம் வேண்டும். நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று காந்தி வைஸ்ராய்க்கு முன்கூட்டியே கடிதம் எழுதினார். ராஜாஜியின் படையும் பட்டப்பகலில், ஊர் பார்க்க, பதினைந்து நாள் நடந்து போனது. ஏப்ரல் 30 அன்று ராஜாஜி சட்டத்தை மீறினார், அங்கேயே கைதானார், ஆறு மாதச் சிறை. ஓடவில்லை, ஒளியவில்லை. அடுத்து, லாரிக்காரன் தனக்குச் சேரும் பணத்துக்காக மீறுகிறான். மற்றவர்கள் எல்லாரும் சட்டத்தை மதிப்பதுதான் அவனுக்கு லாபம், சட்டம் மாற வேண்டும் என்று அவன் ஒருநாளும் கேட்க மாட்டான். வேதாரண்யத்தில் அள்ளிய உப்பை வைத்து யாரும் பணக்காரர் ஆகவில்லை. எல்லாருக்கும் சேர்த்து அந்தச் சட்டம் போக வேண்டும் என்று கேட்டார்கள்.

தண்டனையை ஏற்பது பலருக்குப் புரியாத விஷயம். சட்டமே தப்பு என்றால் தண்டனையை மட்டும் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்? 1922 மார்ச் 18 அன்று அகமதாபாத்தில் ராஜத்துரோக வழக்கில் நின்ற காந்தி குற்றத்தை ஒப்புக்கொண்டார். இந்தச் சட்டம் தீமை என்று நினைத்தால் பதவியை விட்டு விலகுங்கள், சரியென்று நினைத்தால் எனக்கு உச்சபட்சத் தண்டனை கொடுங்கள் என்று நீதிபதி புரூம்ஃபீல்டிடம் கேட்டுக்கொண்டார். கிடைத்தது ஆறு ஆண்டு. இந்தக் கோரிக்கையில் இருக்கும் பலத்தைப் பாருங்கள். நான் சட்டம் என்ற ஏற்பாட்டையே வெறுப்பவன் இல்லை, என்னைத் தண்டிக்கும் அதிகாரத்தைக்கூட மறுக்கவில்லை, இந்த ஒரு சட்டத்தைத்தான் மறுக்கிறேன் என்று உடம்பாலேயே சொல்வது அது. சிறைக்குப் போகத் தயாராக இருப்பது ஒரு சல்லடையும்கூட. சொந்த வசதிக்காக மீறுபவர்கள் அதில் தங்கிவிடுவார்கள். ஹெல்மெட் போடாமல் போவதை 'என் உரிமை' என்று வாதாடுபவர், போலீஸைக் கண்டதும் சந்துக்குள் வண்டியைத் திருப்பினால், அங்கே கொள்கை எதுவும் இல்லை.

வன்முறை கூடாது என்பதற்கும் காரணம் இதோடு சேர்ந்ததே. ஒரு தப்பான சட்டத்தின் பாரத்தை மீறுகிறவர் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறார், அடுத்தவர் தலையில் தள்ளுவதில்லை.

இப்போது ஒரு நெருடல். வெளிப்படையாக மீற வேண்டும், தண்டனையை ஏற்க வேண்டும் என்றேன். அப்படியானால் மரக்கிளையில் பேர் போடாமல் சோறு கட்டியவர்கள்? அவர்கள் மறைந்துதானே செய்தார்கள்? அது தவறா?

இது பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். இரண்டு வகை மீறல்களைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீர்கிறது. ஒன்று, எதிர்ப்பு. இந்தச் சட்டம் தப்பு என்று ஊருக்கும் அரசுக்கும் உரக்கச் சொல்லும் மீறல். அதற்கு வெளிச்சம் இல்லாமல் பொருளே இல்லை. யாரும் பார்க்காத இடத்தில் உப்பு அள்ளினால் அது வெறும் உப்பு. மற்றொன்று, காப்பாற்றுவது. எதிரில் பசியோடோ உயிருக்குப் பயந்தோ நிற்கும் மனிதருக்கு உதவுவது. அங்கே வெளிச்சம் போட்டால் உதவியே நின்றுபோகும். அமெரிக்காவில் 1850-இல் தப்பியோடிய அடிமைகள் சட்டம் வந்தது. ஓடிவந்த அடிமைக்குத் தங்க இடம் கொடுத்தால் ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் டாலர் வரை அபராதம். அதற்குப் பிறகும் ஹாரியட் டப்மன் என்ற பெண், தானே அடிமையாக இருந்து தப்பியவர், திரும்பத் திரும்பத் தெற்கே போய் ஆட்களை இருட்டில் அழைத்துவந்தார். அவர் போலீஸில் சரணடைந்து தண்டனையை ஏற்றிருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அது அறமாகக் கேட்கிறதா? எனக்குக் கேட்கவில்லை. தண்டனை அவரோடு நிற்காது, காப்பாற்றப்பட்டவர்களும் திரும்ப விலங்குக்குப் போவார்கள்.

வேதாரண்யம் வழியில் இரண்டுமே நடந்தன. கிளையில் கட்டியவர்கள் ஒருபக்கம். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் என்பவர் மறைக்கவே இல்லை. தொண்டர்களை அழைத்து, எல்லாரும் அறிய விருந்து வைத்தார். சிறைக்குப் போனார். இருவருமே சரி என்றுதான் நான் சொல்வேன். ஐயருக்குச் சிறைக்குப் போய்த் திரும்பத் தாங்கும் வசதி இருந்திருக்கும். அன்றாடம் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டுப் பெண்ணிடம் 'நீயும் பேர் போட்டுக் கொடு' என்று கேட்க நமக்கு உரிமை இல்லை.

எதிர்வாதங்களுக்கு வருவோம். இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும். ஒவ்வொருவரும் 'என் மனசாட்சி' என்று கிளம்பினால் என்ன ஆகும்?

ஒரு கடினமான உதாரணத்தை நானே எடுத்து வைக்கிறேன். 1963 ஜூன் 11. அலபாமா பல்கலைக்கழக வாசலில் அந்த மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் குறுக்கே நின்றார். இரண்டு கறுப்பின மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. அதற்கு நான் பணிய மாட்டேன் என்றார். வெளிப்படையாகத்தான் நின்றார், கேமராக்கள் பார்த்துக்கொண்டிருந்தன. கத்தி எடுக்கவில்லை. தன் கொள்கைக்காகத்தான் நிற்கிறேன் என்றார். மேலே சொன்ன அடையாளங்களில் பாதி அவரிடமும் இருக்கிறது. அப்படியானால் அவரும் கிங்கும் ஒன்றா?

இல்லை. மனசாட்சி, தைரியம், வெளிப்படைத்தன்மை இவை மட்டும் ஒரு மீறலை நியாயமாக்கிவிடாது என்பதற்கு வாலஸே சாட்சி. எதற்காக மீறுகிறாய் என்பதும் நிற்க வேண்டும். வேதாரண்யத்தில் மீறியவர்கள் தங்களுக்குக் கேட்ட உப்பை எல்லாருக்கும் கேட்டார்கள். வாலஸ் தன்னிடம் ஏற்கெனவே இருந்த ஒன்று அடுத்தவருக்குக் கிடைக்கக்கூடாது என்று நின்றார். தவிர, அவர் எதையும் இழக்கவில்லை. அன்றே விலகி வழிவிட்டு, ஆளுநராகவே வீட்டுக்குப் போனார். இந்த மீறலால் யாருக்குக் கதவு திறக்கிறது, யாருக்கு மூடுகிறது, விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலான போலிகள் வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது, ஏனென்றால் சொன்னவர் அம்பேத்கர். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, சட்ட மறுப்பு, ஒத்துழையாமை, சத்தியாகிரகம் எல்லாவற்றையும் இனிக் கைவிட வேண்டும் என்றார். அரசியல் சட்ட வழிகள் அடைபட்டிருந்த காலத்தில் இந்த முறைகளுக்கு நியாயம் இருந்தது. வழி திறந்திருக்கும்போது இவை அராஜகத்தின் இலக்கணம் என்றார். ஒடுக்கப்பட்டவர்களின் தலைவர் ஏன் இப்படிச் சொன்னார் என்று திகைப்பவர்கள், இன்றைய மகாராஷ்டிராவிலுள்ள மகாட் என்ற ஊரில் அவர் நடத்திய போராட்டத்தைப் பார்க்க வேண்டும். 1927 மார்ச் 20 அன்று அவர் ஆயிரக்கணக்கான மக்களோடு மகாடின் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அங்கே மீறப்பட்டது சட்டமில்லை. பொதுக் குளங்கள் எல்லாருக்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டசபை ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது, மகாட் நகராட்சியும் ஒப்புக்கொண்டிருந்தது. சட்டம் அவர் பக்கம், வழக்கம் எதிர்ப்பக்கம். டிசம்பரில் மறுபடி கூடியபோது நீதிமன்றம் தற்காலிகத் தடை போட்டது. ஆயிரக்கணக்கானோர் சிறைக்குத் தயாராக நிற்க, அம்பேத்கர் குளத்துக்குப் போகவிடாமல் அவர்களைச் சமாதானப்படுத்தினார். வழக்கு நடந்தது. 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வென்றார். பத்து ஆண்டு.

ஊர்ப் பெரியவர்களின் வழக்கம் எவ்வளவு கொடூரமாக இருக்க முடியும் என்று அறிந்தவருக்கு, எழுதப்பட்ட சட்டம்தான் ஒரே பிடிமானம். அதைத் தளர்த்தும் பழக்கம் நாளைக்கு யார் கையில் போய்ச் சேரும் என்று அவர் பயந்தார். அந்தப் பயம் சரியானது. அவரோடு நான் ஒரு அடி மட்டும் விலகுகிறேன். ஓட்டு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது என்பது காகிதத்தில் திறந்திருக்கும் கதவு. மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்த ஒரு சிறு கூட்டத்துக்கு, அந்தக் கதவு உண்மையில் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். மக்களாட்சியில் சட்ட மறுப்பு அரிதாக, கடைசி வழியாக இருக்க வேண்டும். ஒருபோதும் கூடாது என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அரிதாக என்று ஏன் அழுத்துகிறேன் என்றால், அதிகாரத்தில் உட்கார்ந்ததும் பார்வை எப்படி மாறும் என்பதற்கு வேதாரண்யத்துக் கதையிலேயே தொடர்ச்சி இருக்கிறது. 1937-இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார் (இன்றைய முதலமைச்சர் பதவிக்கு அன்றைய பெயர்). அடுத்த ஆண்டு பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமானது. எதிர்த்து மறியல் செய்தவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அவர்களில் கைக்குழந்தையோடு போன பெண்களும் இருந்தார்கள். அதற்கு அரசு எடுத்துக்கொண்ட ஆயுதம், காங்கிரஸின் சட்ட மறுப்பு இயக்கத்தை அடக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றவியல் திருத்தச் சட்டம். அந்த மறியலில் கைதான தாளமுத்துவும் நடராசனும் சிறைக்காவலில் இருந்தபோது நோயுற்று 1939-இல் இறந்தார்கள். 1930-இல் உப்பளத்தில் கைதாகி நின்றவர், எட்டே ஆண்டில் கைது செய்யச் சொல்லும் நாற்காலியில் இருந்தார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த அரசு போட்ட உத்தரவு, ஆகவே மறியல் தப்பு என்று அவர் உண்மையாகவே நம்பினார். மறியல் செய்தவர்கள், எங்கள் பிள்ளைகள் தலையில் கேட்காமல் ஏற்றிய சுமை இது என்று அதே அளவு உண்மையாக நம்பினார்கள். அந்த உத்தரவு 1940 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது.

கடைசியாக, இதெல்லாம் செய்து என்ன பலன் என்ற கேள்வி. புதிதாகப் படிப்பவர்கள் பலரும், தண்டியில் காந்தி உப்பு அள்ளியதும் உப்பு வரி ஒழிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒழியவில்லை. 1931 மார்ச்சில் காந்தி–இர்வின் ஒப்பந்தம் வந்தபோதும் உப்புச் சட்டம் அப்படியே இருந்தது. கடலோர ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுத் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம், அதே ஊருக்குள் விற்றுக்கொள்ளலாம் என்ற அளவுக்குத்தான் அரசு இறங்கிவந்தது. வேதாரண்யப் போராட்டத்துக்காக இரண்டு ஆண்டு தண்டனை பெற்று அலிப்பூர்ச் சிறையில் இருந்த காமராஜ் என்ற இளைஞரும் அந்த ஒப்பந்தத்தில்தான் விடுதலையானார். வரி நீங்கியது 1947-இல்.

வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளியின் கதையை இன்றும் சொல்வார்கள். சத்தியாகிரகிகளை அடித்த போலீஸாருக்குத் தொழில் செய்வதில்லை என்று உறுதி எடுத்திருந்தார். ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது, உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அவரை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். மிச்சத்தையும் செய்து முடி என்று நீதிபதி சொன்னபோது, சவரப் பெட்டியை நீட்டி, வேண்டுமானால் நீங்களே செய்துவிடுங்கள் என்றாராம். ஆறு மாதம் சிறை. ராஜாஜிக்குக் கிடைத்ததும் அதே ஆறு மாதம்.